ஏழாவது வீடு

கொல்கத்தாவில் கோடைச் சூரியனுக்குப் பொறுமை கிடையாது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடும். அந்த நேரத்தில் சென்னையில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு இருட்டு மிச்சமிருக்கும். டிசம்பரில் இரண்டு ஊருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம். இந்தக் கணக்கு எனக்குக் காலண்டரைப் பார்த்துத் தெரிந்ததல்ல. சுந்தரி சொல்லித் தெரிந்தது. கோடையில் நாலேகாலுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரைக்கும் சமையலறை ஜன்னலின் கிழிந்த கம்பிவலை வழியே உள்ளே வந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் குதிகாலில் ஒரு பாதத்தை வைப்பாள். நகம் இருக்காது, வெறும் மெத்து மட்டும். நான் எழும் வரை அந்தப் பாதத்தை எடுக்கமாட்டாள்.

பிறகு நான் ஓடப் போவேன், அவள் தூங்கப் போவாள். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகத்துக்குப் பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். 1955இல் தென்கிழக்கு ரயில்வே உருவானது, ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு இது இன்றும் பி.என்.ஆர். காலனிதான். பெங்கால் நாக்பூர் ரயில்வே என்ற பெயர் எழுபது வருடத்துக்குப் பிறகும் ரிக்‌ஷாக்காரர் வாயில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தபடி நானும் என் கணவரும் மாறிய வீடுகளை எண்ணினால், கரக்பூரில் இரண்டு, சக்ரதர்பூரில் ஒன்று, ஆத்ராவில் ஒன்று, இங்கே இரண்டு. ஒவ்வொரு மாற்றல் உத்தரவுக்கும் அம்மா மாயவரத்திலிருந்து போனில் ஒரே வார்த்தையைச் சொல்வாள்: "பூனை குட்டியத் தூக்கிண்டு ஏழு வீடு மாறுமாம். உனக்கு இன்னும் எத்தனை பாக்கி?"

சுந்தரியும் அப்படி வந்தவள்தான். ஒரு மழைக்காலத்தில் காலனிப் பூனை ஒன்று எங்கள் ஸ்கூட்டர் உறைக்கு அடியில் நான்கு குட்டிகளைக் கொண்டுவந்து போட்டது. நாலு நாள் கழித்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிற்று. மூன்றைத் தூக்கிய பிறகு அது திரும்பி வரவில்லை. லாரி அடித்ததோ, பால் வற்றியதோ. நான்காவது குட்டி உறைக்குள் இருந்து இரவெல்லாம் கத்தியது. விடியும் முன் நான் எழுந்துபோய் எடுத்தேன். அவள் என்னை எழுப்பிய முதல் விடியல் அது. ஓடத் தொடங்கியது அதற்கும் ஒரு வருடம் முன்பு, ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் எழுந்திருப்பேன். ஏழு நாளாக்கியது அவள்.

அவள் எங்கள் பூனை என்று நான் முதலில் நினைத்திருந்தேன். இரண்டு வயதில்தான் விவரம் தெரிந்தது. பக்கத்து பிளாக்கில் நான் பௌதி (அண்ணி) என்று கூப்பிடும் வங்காளிப் பெண்ணின் வீட்டில் அவளுக்குப் புஷி என்று பெயர். பதினோரு மணிக்கு அங்கே ஆஜர். பௌதி தரையில் குந்தி, நம் அரிவாள்மணையைப் போலவே இருக்கும் பொட்டியில் ரூயி மீனை நறுக்கும்போது தலையும் குடலும் அவளுக்கு. மாலையில் மதில் தாண்டினால் துணி தைக்கும் ஒரு வீடு. அங்கே அவள் பேகம். வெட்டித் தள்ளிய துணிக் குவியலின் மேல் படுக்கை. ஆறு தையல் மெஷின் ஓடும் அறையில் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டேன். மெஷின் நின்றால்தான் விழித்துக்கொள்வாள் என்றார் அந்த வீட்டுத் தலைமைத் தையல்காரரான ஓஸ்தாகர் சாச்சா.

மூன்று வீடு, மூன்று மொழி, மூன்று பெயர். எதற்கும் திரும்பிப் பார்ப்பாள்.

வங்காளிகளுக்குப் பூனை சஷ்டி தேவியின் வாகனம். பிள்ளை வரம் தந்து பிள்ளைகளைக் காக்கிற தெய்வம் அவள். பௌதி சொன்ன விரதக் கதையில், வீட்டின் இளைய மருமகள் பண்டத்தைத் திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனை மேல் போடுவாள். கோபித்துக்கொண்ட பூனை அவள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் தேவியிடம் ஒப்படைத்துவிடும். சஷ்டி என்றதும் நமக்கு முருகன் ஞாபகம் வருவது தற்செயலல்ல. மகாபாரதத்தின் வன பருவத்திலேயே ஸ்கந்தனின் மனைவி தேவசேனைக்கு சஷ்டி என்றும் ஒரு பெயர் உண்டு. நம் தெய்வானைதான். திருப்பரங்குன்றத்தில் மயிலோடு மணக்கோலத்தில் இருக்கிறவள் இங்கே பூனையோடு அடுக்களைக்கு வந்திருக்கிறாள். இதை நான் பௌதியிடம் சொன்னபோது அவர் மீன் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சுந்தரியை ஒரு முறை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு அவளுக்கு ஒரு முழுத் துண்டு கிடைத்தது.

என் சுற்று ஆறு கிலோமீட்டர். காலனியை விட்டு வெளியே வந்தால் கார்டன் ரீச் ரோடு. ஆறு வளையாமல் நேராக ஓடும் நீளத்துக்குக் கப்பல்காரர்கள் வைத்த பெயர் ரீச். அதன் கரையில் பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் கட்டிய தோட்ட பங்களாக்களால் கார்டன் ரீச். இப்போது தோட்டம் இல்லை. துறைமுக லாரிகள், கன்டெய்னர்கள், 1884இல் சிறு பட்டறையாகத் தொடங்கி இன்று போர்க்கப்பல் கட்டும் தளம், அதைத் தாண்டினால் மெட்டியாபுரூஸ். மாட்டியா புர்ஜ், மண் கொத்தளம். அவத்தின் கடைசி மன்னர் வாஜித் அலி ஷா ராஜ்யத்தைக் கும்பினியிடம் பறிகொடுத்து 1856 மே மாதத்தில் வந்து இறங்கிய கரை இது. லண்டன் போய் நியாயம் கேட்கும் வழியில் தங்கினார். அடுத்த வருடம் வடக்கே கலகம் வெடித்ததும் அவரைப் பிடித்து வில்லியம் கோட்டையில் இரண்டு வருடம் வைத்தார்கள். வெளியே வந்தவருக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய் ஓய்வூதியம். போக ஊர் இல்லை. இங்கேயே ஒரு லக்னோவைக் கட்டிக்கொண்டார்.

இமாம்பாராக்கள், மாளிகைகள், தும்ரி, கதக், பட்டம், தையல்காரர்கள், சமையல்காரர்கள் என்று அவர் கட்டியதில் மிச்சமிருப்பது கொஞ்சம். சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவரே அடங்கியிருக்கிறார். அதன் வாசலைத் தொட்டுத்தான் நான் திரும்புவேன். ஆனால் ஓடும்போது நான் அதிகம் நினைப்பது அவருடைய மிருகங்களை. சிறுவனாக இங்கே வளர்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் அதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள், ஒட்டகச்சிவிங்கி, இரட்டைத் திமில் ஒட்டகம், செயற்கைக் குன்று கட்டி அதில் ஆயிரக்கணக்கில் பாம்புகள். மேய்க்கக் காவலாட்கள் மட்டும் எண்ணூறு பேருக்கு மேல். புலிகளும் இருந்தன. 1870களின் இறுதியில் அவற்றில் ஒன்று கூண்டை விட்டுத் தப்பி ஹூக்ளியில் குதித்து, அக்கரையில் ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் கரையேறியது.

பிச்சாலி காட் படித்துறையில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தப் புலியின் தலை ஆற்றில் தெரிகிற மாதிரி இருக்கும். ஆறு இங்கே அகலம், ஏற்ற இறக்கத்தில் இழுவை அதிகம். கல்கத்தாவின் இத்தனை சத்தத்தையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, எதிரே மரம் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது நீந்தியிருக்கிறது. அக்கரைத் தோட்டத்தின் பெரிய ஆலமரம் அப்போதே நூறு வயதைத் தாண்டியிருந்தது. இப்போதும் நிற்கிறது.

1887இல் மன்னர் இறந்தார். பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி பிறந்ததும் அதே 1887. மிருகங்களை ஏலம் விட்டார்கள். அரண்மனைகளை இடித்தார்கள், நிலம் துண்டு துண்டாகக் கை மாறியது. எங்கள் காலனியும் அந்தக் காலத்துத் தோட்டங்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு மனிதன் தன் ஊரைப் பிரிந்த துக்கத்தை ஆற்றிக்கொள்ள இத்தனை உயிர்களைச் சேர்த்து வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் போன மறுநாள் அந்தப் புறாக்களுக்கு யார் தானியம் போட்டார்கள்? இந்தக் கேள்வி ஒரு வருடமாக என்னை விடவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பாட்டி பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவாள். மெட்டியாபுரூஸில் அந்தச் சாஸ்திரம் பார்த்தால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. ஒரு காலை ஓட்டத்தில் இருபது பூனைகளாவது என் முன் குறுக்கே போகும். மசூதித் திண்ணையில், கறிக்கடை மரத்துண்டின் மேல், கட்டிவைத்த துணி மூட்டைகளில். நபித்தோழர் ஒருவருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பெயர். அபூ ஹுரைரா. பூனை வாய் வைத்த தண்ணீரை இவர்கள் கொட்டுவதில்லை. யாரும் அவற்றைக் கட்டி வைப்பதில்லை, யாரும் விரட்டுவதுமில்லை. எண்ணூறு காவலாட்கள் இல்லாமல் ஒரு பேட்டை முழுக்க உயிர்களை வைத்துக் காப்பாற்றுகிற முறை இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

2004ஆம் ஆண்டில் பூனையையும் ஓட்டத்தையும் பற்றி இரண்டு ஆராய்ச்சிகள் வெளியாயின. ஒன்று, சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு பக்கத்தில் வைத்துப் புதைக்கப்பட்ட பூனையைப் பற்றியது. பூனையின் சொந்த நாடல்ல அந்தத் தீவு. யாரோ படகில் ஏற்றி, கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னொன்று, டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மேனும் எழுதியது. மனித உடம்பு நெடுந்தூரம் ஓடுவதற்கென்று அமைந்தது என்றார்கள் அவர்கள். குதிகால் தசைநாணின் வில்தன்மை, பின்புறத்தின் பெரிய தசை, தலையை ஆடாமல் பிடித்துவைக்கும் கழுத்துத் தசைநார், ரோமமற்ற வியர்க்கும் தோல். பூனையின் உடம்பு அப்படி அமைந்ததல்ல. பாய்ந்தால் நம்மில் யாரையும் முந்திவிடும், ஆனால் சீக்கிரமே களைத்துவிடும். வியர்வை பாத மெத்தைகளில் மட்டும்தான். பதினைந்து மணி நேரம் தூங்கிச் சேமிப்பதைக் கருக்கலிலும் அந்தியிலும் செலவழிக்கிற பிராணி. எனக்கும் அவளுக்கும் உடம்பில் பொதுவானது அந்தக் கருக்கல் ஒன்றுதான். எங்கள் சிநேகம் அந்த இடத்தில் நடக்கிறது.

ஓட்டத்தையும் பூனையையும் சேர்த்து நினைப்பவர்களுக்கு எழுத்தாளர் ஹாருகி முரகாமியின் பெயர் ஞாபகத்துக்கு வராமல் போகாது. 1974இல் டோக்கியோவில் அவர் திறந்த ஜாஸ் விடுதிக்குத் தன் பூனையின் பெயரை வைத்தார். பீட்டர் கேட். கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் அடுத்த ஆண்டிலேயே வந்து இன்றும் வாசலில் வரிசை நிற்கும் உணவகத்துக்கும் அதே பெயர், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. விடுதியை விற்றுவிட்டு எழுத உட்கார்ந்தபோது உடம்பைக் காக்க ஓடத் தொடங்கியவர் அவர். ஓட்டம் பற்றிய அவருடைய புத்தகத்தை மதிக்கிறேன். ஆனால் அது தனியாக இருப்பதில் சிரமமில்லாத மனிதரின் புத்தகம். என் ஓட்டத்தில் தனிமை கிடையாது. ஐந்து மணிக்குத் தேநீர்க்கடைப் பாய் என்னைப் பார்த்துத்தான் அடுப்பைத் தூண்டுவார். ஈதுக்கும் துர்கா பூஜைக்கும் முந்தைய வாரங்களில் விடிய விடிய மெஷின் ஓடும். தூங்காத கண்களோடு பையன்கள் வாசலில் நின்று "தீதி, இன்னைக்கு லேட்" என்பார்கள். 2024 மார்ச் 17 நள்ளிரவில் இங்கே கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்தது. பத்துப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். மறுநாள் விடியலில் சுந்தரி எழுப்பினாள், நான் எழுந்தேன், ஷூ போடவில்லை. பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு நடந்து போனேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஒரு பேட்டையை நாம் தினமும் அதே நேரத்தில் கடந்து போனால், அதற்கு ஒன்று நேர்கிறபோது நம்மால் வீட்டில் இருக்க முடியாது. ஓட்டம் எனக்குக் கொடுத்தது இதுதான், மற்றவர்கள் சொல்லும் மன அமைதி அல்ல.

ஒரே ஒரு முறை 25 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். டிசம்பரில் ரெட் ரோட்டில் தொடங்கும் கொல்கத்தா ஓட்டம், 2014இலிருந்து நடக்கிறது. அதற்குப் பயிற்சியாக ஞாயிறுகளில் கிதிர்பூர் பக்கம் போவேன். கப்பல் வருகிறதென்று பாஸ்க்யூல் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பி நிற்கும். லாரியும் பஸ்ஸும் நானும் வரிசையாகக் காத்திருப்போம். தொடக்கக் கோட்டில் நின்றபோது எனக்குக் கம்பன்தான் ஞாபகம் வந்தான். பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டவன். தேரழுந்தூர் எங்கள் மாயவரத்துக்குப் பக்கம், அந்தப் பூனை எங்கள் ஊர்ப் பூனை.

அடுத்த வருடமே குதிகால் போயிற்று. காலையில் தரையில் கால் வைத்தால் ஆணி ஏறுகிற வலி. டாக்டர் இரண்டு மாதம் ஓடக்கூடாது என்றார். முதல் நாள் சுந்தரி வந்து அதே குதிகாலில் பாதத்தை வைத்தாள். போ, இன்றைக்கு இல்லை என்றேன். எடுக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன். திறந்த பிறகு திரும்பிப் படுக்க முடியவில்லை, படியில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமும் படியில் உட்கார்ந்தேன். இருட்டு கரைவதையும், காக்கைகளுக்கு முன்னால் கரிச்சான் பேசுவதையும், ஆற்றிலிருந்து கப்பல் கொம்பு ஊதுவதையும் ஓடும் காலத்தில் நான் கவனித்ததே இல்லை.

வைஷ்ணவத்தில் இரண்டு நியாயம் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும், அது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி எதையும் பற்றாது. தாயே கவ்வித் தூக்கிப் போகும், அது தென்கலையார் கட்சி. ஓடுகிறவர்கள் எல்லோரும் மர்க்கட நியாயத்தார்கள். பற்று, விடாதே, இன்னும் ஒரு கிலோமீட்டர். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் என் வழக்கத்தை நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தாய் கவ்வ மறந்த ஒரு பூனை அதைக் கவ்விக்கொண்டிருந்தது. வலி போன பிறகு திரும்ப ஓட ஆரம்பிக்க நான் எந்த முயற்சியும் செய்யவேண்டியிருக்கவில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

வரும் மே 31ஆம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். ஏழாவது வீடு மாயவரத்தில் தயாராக இருக்கிறது. அம்மா இல்லை, கணக்கு மட்டும் சரியாக முடிகிறது.

சுந்தரியைக் கூட்டிப்போவதாகத்தான் இருந்தோம். கோரமண்டல் இப்போது அக்கரையில் ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது. முதல் வகுப்பில் கூபே எடுத்தால் நம்மோடு வரலாம். கூடை வாங்கினோம். பழக்குவதற்காக ஒரு நாள் அதில் வைத்துக் காலனியைச் சுற்றி வந்தார் என் கணவர். அவள் கத்தியது ஸ்கூட்டர் உறைக்குள் அன்றைக்குக் கத்திய அதே கத்தல். அதற்கு முன்பு தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தோம். பௌதியிடம் சொல்லிவிட்டுப் போனோம். தினமும் விடியலில் ஜன்னல் வழியே நுழைந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து, மதில் தாண்டி சாச்சா வீட்டுக்குப் போய்விடுவாளாம். இளைக்கவில்லை, ஏங்கவுமில்லை. அவளுக்கு இருபத்தைந்து மரமும் பதினெட்டு மதிலும் மூன்று பெயரும் இருக்கின்றன. நான் அவளிடமிருந்து ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

"அவ ஊரு இது. நாமதான் மாற்றல்ல வந்தவா" என்றார் என் கணவர். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு அவர் சொன்னது சரி என்று பட்டது. வாஜித் அலி ஷா லக்னோவிலிருந்து எல்லாவற்றையும் கூடவே கொண்டுவர நினைத்தார். கூட வராமல் அங்கேயே தங்கிவிட்ட ஒரு பேகம், ஹஸ்ரத் மஹல், 1857இல் அந்த ஊரைக் காக்கப் படையை நடத்தினாள். உரியவர்களை அவரவர் மண்ணில் விட்டுப் போவதற்கும் ஒரு அன்பு வேண்டும்.

ஆனால் புறாக்களின் கேள்விக்கும் பதில் வேண்டும் அல்லவா? தடுப்பூசிக்கும் மீனுக்கும் பௌதியிடம் பணம் கொடுத்து, மாதாமாதம் அனுப்புவதாக ஏற்பாடு. பணம் வேண்டாம் என்று அவர் ஒரு மணி நேரம் சண்டை போட்டார். சாச்சா வீட்டில் துணிக் குவியல் எப்போதும் உண்டு. பாக்கி இருப்பது விடியல் மட்டும்.

அதனால் இதைப் படிக்கிற தென்கிழக்கு ரயில்வே நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜூனில் இந்தக் குவார்ட்டர்ஸ் உங்களில் யாருக்கு ஒதுக்கப்பட்டாலும், சுண்ணாம்பு அடியுங்கள், குழாயை மாற்றுங்கள். சமையலறை ஜன்னலில் இடது மூலையில் கம்பிவலை ஒரு சாண் அளவுக்குக் கிழிந்திருக்கும். அதைப் பழுதுப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.